கல்லில் நின்ற சீனப் பெயர்: ‘சிங்வோ’ என்னும் ஆண்பாற் பெயரின் பொருளும் தோற்றமும் – ஆரணிப் பட்டு வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இலங்கையின் காலி நகரில் 1911ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டின் தமிழ்ப் பகுதியில், மிங் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் பெயர் ‘சிங்வோ’ என்னும் வடிவில் இடம்பெறுகிறது. ஒரு சீன ஆடவரின் பெயர் அவர் வாழ்ந்த காலத்திலேயே தமிழ் எழுத்தில் பொறிக்கப்பட்டமைக்கு இது அரிய சான்றாகும். இப்பெயரின் கூறுகள், அவற்றின் பொருள், பெயர் உருவான வரலாறு, தமிழ் வடிவம் காட்டும் ஒலியியல் செய்திகள் ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆரணி வட்டாரத்தில் வழங்கும் ‘சீன’ என்னும் அடையும், அவ்வட்டாரத்துக் கல்வெட்டில் காணும் சோழ வேந்தனின் பெயர் சீன ஆவணத்தில் பெற்ற வடிவமும் ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒலி ஒப்புமை ஒன்றை மட்டும் கொண்டு பெயர்களை அடையாளம் காண்பதன் வரையறையைச் சுட்டுவது கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: ஆரணி, சீனப் பெயர்கள், செங் ஹே, காலி மும்மொழிக் கல்வெட்டு, பெயராய்வு, பட்டு, திருமலைக் கல்வெட்டு

1. முன்னுரை

பெயராய்வு தமிழியலில் ஊர்ப்பெயர், மக்கட்பெயர் என இரு கிளைகளாக வளர்ந்துள்ளது. இரண்டிலும் ஆய்வாளர் எதிர்கொள்ளும் முதல் இடர்ப்பாடு, பெயருக்குரிய விளக்கம் பெயருக்கு முன்பே கிடைத்துவிடுவதாகும். கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணிக்கே இரு விளக்கங்கள் வழங்குகின்றன. ஆற்றை அணியாக உடைய ஊர் ஆதலின் ஆரணி என்பர் ஒருசாரார். ஆரணியம் என்னும் காட்டுப் பெயரின் திரிபு என்பர் மற்றொருசாரார். இரண்டும் செவிக்கு இனியவை. இரண்டும் ஒலி ஒப்புமையில் நிற்பவை. எது சரி என்பதை ஒலி மட்டும் முடிவு செய்ய இயலாது.

உள்ளூர்ப் பெயருக்கே இந்நிலை எனில், மொழி கடந்து செல்லும் பெயர்களின் நிலை மேலும் சிக்கலானது. தமிழகத்திற்கும் சீனத்திற்கும் இடையிலான தொடர்பு பற்றிய எழுத்துகளில் பெயர் ஒப்புமைகள் பெரும் சான்றுகளாக எடுத்தாளப்படுகின்றன. ஒரு துறவியின் பிறப்பிடம், ஒரு மன்னனின் ஆட்சி எல்லை, ஒரு தூதுக்குழுவின் நோக்கம் ஆகியவை சில வேளைகளில் இரண்டு மூன்று அசைகளின் ஒலி ஒற்றுமையில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. ஆகவே, ஐயத்திற்கு இடமின்றி அடையாளம் காணத்தக்க ஒரு பெயரை முதலில் ஆராய்ந்து, அதிலிருந்து பெறும் நெறியை ஏனைய பெயர்களுக்குப் பொருத்திப் பார்ப்பதே முறையாகும். அத்தகைய பெயராக ‘சிங்வோ’ அமைகிறது.

2. ஆரணி வழக்கில் ‘சீன’ என்னும் அடை

திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள ஆரணி, புவிசார் குறியீடு பெற்ற பட்டுச் சேலைகளால் அறியப்படும் ஊர். பாவு, ஊடை, கோர்வை, சரிகை, புட்டா என்னும் சொற்கள் இங்கு அன்றாட வழக்கு. இந்தியா கச்சாப்பட்டு உற்பத்தியில் சீனத்திற்கு அடுத்த இடத்தில் இருப்பினும், இந்திய நெசவின் தேவைக்குச் சீனக் கச்சாப்பட்டு நெடுங்காலம் இறக்குமதி செய்யப்பட்டு வந்துள்ளது. எனவே நெசவூர்களில் ‘சீன நூல்’ என்பது பொருளறிந்த வழக்கு. இவ்வழக்கின் வேர் பழைமையானது. அர்த்தசாத்திரம் சீனபட்டம் என்னும் பட்டு வகையைச் சுட்டுகிறது. காளிதாசனின் சாகுந்தலத்தில் சீனாம்சுகம் என்னும் துகில் இடம்பெறுகிறது. ‘சீனம்’ என்னும் நாட்டுப்பெயர் சின் அரசமரபின் பெயரிலிருந்து கிளைத்தது என்பது பரவலான கருத்து. எனினும் அது அனைவராலும் ஏற்கப்பட்டதன்று.

தமிழில் சீனச்சட்டி, சீனவெடி, சீனக்காரம் எனப் பொருட்பெயர்களில் இவ்வடை நிலைபெற்றுள்ளது. ஆனால் மக்கட்பெயரில் காணும் ‘சீனு’, ‘சீனி’ ஆகியவை இவ்வரிசையைச் சேர்ந்தவை அல்ல. ஸ்ரீநிவாசன் என்னும் திருமால் பெயர் சீனிவாசன் எனத் தமிழ்ப்பட்டு, பின் சீனு எனச் சுருங்கியது. ஸ்ரீபாதம் கல்வெட்டுகளில் சீபாதம் ஆவதும், ஸ்ரீரங்கம் பேச்சில் சீரங்கம் ஆவதும் இதே மாற்றத்தின் விளைவுகளாகும். ஆரணிக் கடைத்தெருவில் ‘சீன நூல்’ என்பதும் ‘சீனு’ என்பதும் ஒரே மூச்சில் ஒலிக்கலாம். ஒன்று நாட்டைக் குறிக்கும், மற்றொன்று திருமகள் உறையும் மார்பனைக் குறிக்கும். ஒலி ஒன்றாயினும் தோற்றம் வேறு என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

இங்ஙனம் தமிழ் மக்கட்பெயர்களில் உண்மையான சீனக் கூறு காணப்படாத நிலையில், ஒரு சீனரின் பெயர் தமிழ் எழுத்தில் எங்கேனும் உள்ளதா என்னும் வினா எழுகிறது. அவ்வினாவிற்கு விடையளிப்பது காலிக் கல்வெட்டாகும்.

3. காலி மும்மொழிக் கல்வெட்டு

இக்கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் அமைந்தது. யோங்லே பேரரசரின் ஏழாம் ஆட்சியாண்டு, இரண்டாம் மாதம் என்பது சீனப் பகுதி தரும் காலக்குறிப்பு. அது 1409ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாளுக்கு ஒப்பாகும். கல் நான்ஜிங்கில் பொறிக்கப்பட்டுக் கப்பலில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. தற்போது கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. இதன் தமிழ்ப் பகுதியை எஸ். பரணவிதான ‘எபிகிராபியா சிலானிகா’ மூன்றாம் தொகுதியில் 1933இல் பதிப்பித்தார்.

மூன்று பகுதிகளும் ஒரே செய்தியின் மொழிபெயர்ப்புகள் அல்ல. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாரைப் போற்றுகிறது. இது இன்றைய தெவிநுவரையில் இருந்த திருமால் கோயிலின் இறைவன் பெயர். பாரசீகப் பகுதி இசுலாமிய மரபைச் சார்ந்தது. ஆயினும் பேரரசரின் தூதர்கள் காணிக்கை கொண்டுவந்தனர் என்னும் செய்தியும் காணிக்கைப் பட்டியலும் பெரும்பான்மையும் ஒத்துச் செல்கின்றன.

சீனப் பகுதி தூதர்களை செங் ஹே, வாங் குய்தோங் எனக் குறிக்கிறது. தமிழ்ப் பகுதி, பரணவிதானவின் பாடப்படி, தூதர்களை ‘சிங்வோ’, ‘உவிங்சுவிங்’ எனக் குறிக்கிறது. இரண்டாம் தூதரின் பெயர் சீனப் பகுதியில் தொடக்கத்தில் வாங் சிங்லியன் என்று படிக்கப்பட்டுப் பின்னர் திருத்தப்பட்டது. கல்லின் சிதைவே இதற்குக் காரணம். ஆகவே அப்பெயரை வைத்து ஒலியியல் முடிவுகள் எடுப்பது பொருந்தாது. முதற்பெயரில் அத்தகைய ஐயம் இல்லை. ஒரே கல், ஒரே நிகழ்வு, ஒரே பட்டியல், ஒரே வரிசை முறை ஆகியவற்றால் சிங்வோ என்பவர் செங் ஹே என்பது உறுதியாகிறது. இவ்வுறுதி ஒலியிலிருந்து வந்ததன்று, ஆவணத்தின் அமைப்பிலிருந்து வந்தது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

4. பெயரின் தோற்றம்

சீன மரபில் குடிப்பெயர் முன்னும் இடுபெயர் பின்னும் வரும். செங் என்பது குடிப்பெயர். ஹே என்பது இடுபெயர். சீன இடுபெயர்களில் ஆண்பால், பெண்பால் காட்டும் விகுதி இல்லை. தமிழில் ‘-அன்’, ‘-இ’ போன்ற இறுதிகள் செய்யும் பணியை அங்கே எழுத்தின் பொருளும் வழக்கும் செய்கின்றன. வீரம், கல்வி, நாடு, உறுதி முதலிய பொருள் தரும் எழுத்துகள் ஆடவர் பெயரில் மிகுதி. ‘ஹே’ என்னும் எழுத்து தன்னளவில் இருபாலுக்கும் பொதுவாகும்.

செங் ஹே 1371இல் தென்மேற்குச் சீனத்தின் யுன்னான் பகுதியிலுள்ள குன்யாங்கில் இசுலாமியக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். குடும்பத்தின் குடிப்பெயர் மா. எழுத்தின் நேர்ப்பொருள் ‘குதிரை’. ஆனால் சீன இசுலாமியரிடையே இக்குடிப்பெயர் முகம்மது என்னும் பெயரின் முதலொலியை நினைவூட்டுவதாகக் கருதப்பட்டுப் பரவியது. ஒலிக்காக ஓர் எழுத்தைத் தெரிவு செய்யும்போது அதன் பொருள் பின்னுக்குச் செல்கிறது என்பதற்கு இது முதல் சான்று.

குன்யாங்கில் 1405இல் நிறுத்தப்பட்ட தந்தையின் நினைவுக்கல் இக்குடும்பத்தை அறிய முதன்மைச் சான்றாகும். அதில் தந்தையும் பாட்டனும் ஹாஜி என்னும் சொல்லின் சீன வடிவத்தாலேயே குறிக்கப்படுகின்றனர். மெக்கா சென்று வந்தமையைக் காட்டும் சிறப்புப் பெயர் இயற்பெயரின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மூத்த மகனின் பெயர் வென்மிங், இளைய மகனின் பெயர் ஹே என்று அக்கல் கூறுகிறது.

மிங் படைகள் 1381–82இல் யுன்னானைக் கைப்பற்றியபோது சிறுவனாக இருந்த ஹே சிறைப்பிடிக்கப்பட்டார். ஆண்மை நீக்கப்பட்டு, யான் இளவரசரான ஜூ தியின் பணியில் சேர்க்கப்பட்டார். ஜூ தி தம் அண்ணன் மகனுக்கு எதிராகப் போரிட்டு 1402இல் யோங்லே பேரரசராக அரியணை ஏறினார். அப்போரின் தொடக்கத்தில், 1399இல், பெய்ஜிங்கை அடுத்த செங்சுன்பா என்னுமிடத்தில் நடந்த போரில் ஹே சிறப்புற்றதால் அவ்விடப்பெயரின் முதலெழுத்தே அவருக்குக் குடிப்பெயராக அளிக்கப்பட்டது என்பது மரபுவழி விளக்கம். குடிப்பெயர் வழங்கப்பட்ட ஆண்டு 1404. செங் என்பது பழைய சீன நாடுகளுள் ஒன்றின் பெயர். குடிப்பெயர் என்னும் நிலையில் அதற்குத் தனிப்பொருள் கொள்வதில்லை.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. நினைவுக்கல் பேரரசர் குடிப்பெயரை வழங்கியதாகவே கூறுகிறது. இடுபெயரை வழங்கியதாகக் கூறவில்லை. எனவே ஹே என்பது குடும்பத்தில் பெற்ற பெயராகவே கொள்ளத்தக்கது. நாடு, குடும்பம், உடல், குடிப்பெயர் ஆகிய அனைத்தும் மாற்றப்பட்ட ஒருவரிடம் மாறாது எஞ்சியது அந்த ஓரசை மட்டுமே. தமிழ்க் கல்லில் ‘வோ’ என நிற்பதும் அதுவே.

அரசர் பெயர் வழங்கும் மரபு தமிழகத்திற்குப் புதியதன்று. முதலாம் இராசராசனின் படைத்தலைவன் கிருஷ்ணன் இராமன், மும்முடிச்சோழ பிரமராயன் எனப் பட்டம் பெற்றான். மூவேந்தவேளான் என முடியும் பெயர்களும் இவ்வகையின. எனினும் வேறுபாடு அடிப்படையானது. சோழர் பட்டம் இயற்பெயரோடு கூடுவது. தந்தை பெயரும் தன் பெயரும் முன்னே நிற்க, அரசன் தந்த சிறப்பு பின்னே சேரும். மிங் அரசு வழங்கிய குடிப்பெயரோ முன்னோர் பெயரை அகற்றி அதன் இடத்தில் அமர்வது. பிறந்த குடியிலிருந்து அரசவைக்கு ஒருவரை முழுமையாக மாற்றும் செயலாக அது அமைந்தது.

செங் ஹேக்கு சான்பாவ் என்னும் பெயரும் வழங்கியது. அதனை எழுதும் முறை இரண்டு. ஒரு முறையில் ‘மும்மணி’ எனப் பொருள்படும். புத்தம், தருமம், சங்கம் என்னும் பௌத்த மும்மணிகளைக் குறிக்கும் தொடர் அது. மலாக்கா, சாவகத்தின் செமாராங் ஆகிய இடங்களில் அவருக்குரிய வழிபாட்டிடங்கள் இப்பெயராலேயே அறியப்படுகின்றன. இசுலாமியக் குடியிற் பிறந்தவர் பௌத்தத் தொடராற் பெயர் பெற்றுத் தெய்வமாகவும் வணங்கப்படுவது, பெயரை மட்டும் கொண்டு ஒருவரின் சமயத்தை முடிவு செய்தல் கூடாது என்பதை உணர்த்துகிறது.

5. ‘ஹே’ என்பதன் பொருள்

ஹே என்னும் எழுத்து பொதுவாக ‘அமைதி’ என்று மொழிபெயர்க்கப்படுகிறது. இன்றைய சீனத்தில் அமைதியைக் குறிக்கும் கூட்டுச் சொல்லில் இவ்வெழுத்து இடம்பெறுவதே காரணம். ஆயின் இதன் பழம்பொருள் வேறு. கி.பி. 100 அளவில் சூ ஷென் தொகுத்த ‘ஷுவோவென் ஜியேசி’ என்னும் எழுத்து விளக்க அகராதி, இதனை ஒன்றற்கொன்று மறுமொழியாக ஒலித்தல் என்னும் பொருளில் விளக்குகிறது. எழுத்தின் ஒரு பாதி தானியப்பயிரைக் குறிக்கும். மறுபாதி வாயைக் குறிக்கும். பயிர்ப் பகுதி ஒலிக்காகவும் வாய்ப்பகுதி பொருளுக்காகவும் அமைந்தவை. இதே பொருளுக்கு வழங்கிய மற்றொரு பழைய எழுத்து குழலிசைக் கருவியின் வடிவத்தைக் கொண்டது. ‘உண்ணச் சோறு இருந்தால் உலகில் அமைதி’ என்று இவ்வெழுத்துக்குக் கூறப்படும் விளக்கம் நயமானது; ஆனால் பயிர்ப் பகுதியின் பணி ஒலியைக் காட்டுவது என்பதால் அது பிற்காலக் கற்பனையே ஆகும். ஆரணிக்குக் கூறப்படும் விளக்கங்கள் போன்றதே இதுவும்.

ஒரு குரலுக்கு மறுகுரல் பொருந்தி ஒலிப்பதே ஹே. இப்பொருளுக்கு நிகரான தமிழ்ச் சொல் ‘அமைதி’ அன்று, ‘இசைவு’ என்பதே. இசை என்னும் வினையடி ஒலித்தல், பொருந்துதல், உடன்படுதல் ஆகிய மூன்றையும் தமிழில் தாங்கி நிற்கிறது. சீன எழுத்தின் பொருள் விரிவும் இதே வழியில் செல்கிறது. எனவே இடுபெயரை ‘இசைவு’ எனப் பெயர்த்தல் பொருத்தமாகும்.

இம்மொழிபெயர்ப்பு வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. செங் ஹேயின் கடற்பயணங்களை அமைதிப் பயணங்களாகச் சித்திரிக்கும் எழுத்துகள் பெருகியுள்ள காலம் இது. பெயரே அமைதி என்னும் பொருளுடையது என்பது அத்தகைய எழுத்துகளுக்கு எளிய அணியாகிறது. ஆனால் இடுபெயர் குழந்தைக்கு இடப்பட்டது. பின்னாளைய செயலுக்கு அது சான்றாகாது. காலிக் கல்லில் காணிக்கைப் பட்டியலோடு பதிவான அதே தூதர் 1411இல் இலங்கையில் போர் செய்து, ஆட்சியாளரைச் சிறைப்பிடித்து நான்ஜிங்குக்கு அனுப்பினார் என்பதையும் மிங் வரலாறு பதிவு செய்துள்ளது.

6. ‘சிங்வோ’: தமிழ் வடிவம் காட்டும் ஒலி

தமிழ் எழுத்து மரபு அயற்பெயரை ஏற்கும்போது தன் இலக்கணத்திற்கு இயைய மாற்றிக்கொள்வது இயல்பு. சிங்வோ என்னும் வடிவமோ இரண்டு இடங்களில் அவ்வியல்பிலிருந்து விலகுகிறது. முதலாவது, மெய்ம்மயக்கம். தமிழில் ஙகர மெய்யின் பின் ககரமே வரும். இங்கு வகரம் வந்துள்ளது. இரண்டாவது, ‘வோ’ என்னும் எழுத்து. உ, ஊ, ஒ, ஓ ஆகிய உயிர்களோடு கூடிய வகரம் மொழிக்கு முதலாகாது என்பது தொல்காப்பிய நெறி. இங்கு அது சொல்லின் இடையில் வருவதால் விதி மீறப்படவில்லை எனினும், சீனத்தில் தனிப்பெயராக நிற்கும் இடுபெயர் இவ்வெழுத்தாலேயே குறிக்கப்பட்டுள்ளது. எழுதியவர் தமிழுக்கு இயைந்த வடிவத்தைத் தேடவில்லை. செவியில் விழுந்த ஒலியை எழுத்தில் வைத்தார் எனக் கருத இது இடந்தருகிறது.

அவர் செவியில் விழுந்தது எவ்வகைச் சீனம்? முதலசை ‘சி’ எனத் தொடங்குவதால், செங் என்னும் குடிப்பெயரைத் தகர ஒலியோடு தொடங்கும் ஹொக்கியன் வழக்கை விலக்கலாம். எஞ்சுவன இரண்டு. ஒன்று, நான்ஜிங் அரசவையின் பொதுப்பேச்சு. 1324இல் எழுந்த ‘சோங்யுவான் யின்யுன்’ என்னும் ஒலியடைவு காட்டும் வடசீன ஒலிமரபில் ஹே என்னும் எழுத்து ஏறத்தாழ ‘ஹுவோ’ என ஒலித்தது. இன்றைய பொதுச்சீனத்தில் நடுவிலிருந்த உகரச் சாயல் மறைந்துவிட்டது. தமிழ் வடிவத்திலுள்ள வகரமோ அச்சாயலைக் காட்டி நிற்கிறது. மற்றொன்று, தென்கடற்கரையின் கான்டனிய வழக்கு. அதில் இப்பெயர் இன்றும் ‘செங் வோ’ என்பதற்கு நெருக்கமாக ஒலிக்கிறது. ஹகரம் அறவே இல்லை.

தமிழில் ஹகரத்தைக் குறிக்கக் கிரந்த எழுத்தோ ககரமோ பயன்படுவதுண்டு. மகமது போன்ற வடிவங்கள் ககரத்தின் பயனைக் காட்டும். சிங்வோவில் இரண்டும் இல்லை. இதனால் ஹகரமற்ற தென்கடற்கரை ஒலிப்பு ஒன்று இடையில் நின்றிருக்கக்கூடும் எனக் கருத வாய்ப்புண்டு. எனினும் நலிந்த ஹகரத்தைத் தமிழ்ச் செவி விட்டிருத்தலும் இயல்பே. ஒரு பெயரின் ஓரசையைக் கொண்டு மொழிபெயர்ப்பாளரின் ஊரை நிறுவ முயல்வது, இக்கட்டுரை எச்சரிக்கும் தவற்றையே செய்வதாகும். உறுதியாகக் கூறத்தக்கது ஒன்றே: பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பெயரின் இரண்டாம் அசையில் வகரச் சாயல் கேட்கப்பட்டது, இன்றைய ‘ஹே’ என்னும் ஒலிப்பு அதைக் காட்டாது, தமிழ்க்கல் காட்டுகிறது.

7. எதிர்த்திசை: சீனத்தில் தென்னாட்டுப் பெயர்கள்

ஆரணியை அடுத்த போளூர்ப் பகுதியிலுள்ள திருமலைச் சமணக் குன்றில் முதலாம் இராசேந்திரனின் பதின்மூன்றாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது. கங்கை வரை சென்ற வெற்றிகளை விரித்துரைக்கும் மெய்க்கீர்த்தியால் வரலாற்று நூல்களில் அடிக்கடி மேற்கோளாகும் கல்வெட்டு இது. இக்கல்லில் பெயர் நிற்கும் அதே வேந்தன் 1033இல் சீனத்துக்குத் தூதனுப்பியதைச் சோங் அரசமரபின் வரலாறு குறிக்கிறது. அங்கு அவன் பெயர் ‘ஷிலி லோசா இந்தோலோ சுலோ’ என்பது போன்ற அசைத்தொடராக எழுதப்பட்டுள்ளது. ஸ்ரீ, ராஜ, இந்திர, சோழ என்னும் நான்கு கூறுகளும் வரிசை மாறாமல் அதில் உள்ளன. முன்னர் 1015இல் வந்த தூதுக்குழுவின் வேந்தன் பெயர் ‘லோசாலோசா’. இராசராசன் என்பதில் ஐயமில்லை. இவ்விரு அடையாளங்களும் உறுதியாக இருப்பதற்கு ஒலி மட்டும் காரணமன்று. நாட்டின் பெயரும் ஆண்டுக் கணக்கும் தமிழகக் கல்வெட்டுகளோடு பொருந்துகின்றன.

1077இல் வந்த தூதுக்குழுவின் நிலை வேறு. அதனை அனுப்பிய மன்னன் பெயர் ‘திஹுவாஜியாலோ’ என்பது போல் எழுதப்பட்டுள்ளது. குவாங்சோவில் 1079இல் எழுந்த கல்வெட்டொன்று ஸ்ரீவிசயத்தின் தலைவனை இதனையொத்த பெயரால் குறிக்கிறது. இருவரும் ஒருவரே என்றும், அவர் முதலாம் குலோத்துங்கனே என்றும் கருதுவோர் உண்டு, மறுப்போரும் உண்டு. இங்கு மாற்றுமொழிப் படி இல்லை. ஒலி மட்டுமே உள்ளது. அவ்வொலிக்கு நேரான தமிழ்ப் பெயரும் உடன்பாடு பெறவில்லை. கடல்கடந்த சோழர் ஆட்சி பற்றிய பெரிய முடிவொன்று இவ்வளவு மெல்லிய இழையில் நிற்கிறது.

துறவியரின் பெயர்கள் மற்றொரு வழியில் சென்றன. காஞ்சியிற் பிறந்தவர் என்று சுவான்சாங் குறிக்கும் தருமபாலர், சீனத்தில் ஹூஃபா ஆனார். அறத்தைக் காப்பவர் என்பது நேர்ப்பொருள். காஞ்சி அரசவையோடு தொடர்புபடுத்தப்படும் வச்சிரபோதி ஜிங்காங்ஜி ஆனார். வச்சிரமும் ஞானமும் பெயர்க்கப்பட்டன. இவை பொருள்வழிப் பெயர்கள். மன்னர், தூதர், வணிகர் பெயர்களில் ஒலியும் சமய ஆசான்கள் சிலரின் பெயர்களில் பொருளும் காக்கப்பட்டன எனலாம். அரசவைக்கு ஒருவரை அழைத்துக் குறிக்கும் ஒலி வேண்டும். மடத்திற்குப் பெயர் சுட்டும் கருத்தும் வேண்டும்.

இப்பாகுபாடு முழுமையானதன்று. போதிதருமர் பெயர் ஒலிவழியே ‘புதி தாமோ’ ஆகிப் பின் தாமோ எனச் சுருங்கியது. கி.பி. 547 அளவில் எழுதிய யாங் சுவான்சி அவரைப் பாரசீகர் என்றார். அவர் மாணவர் எனப்படும் தான்லின் தென்னிந்தியர் என்றார். பல்லவ இளவரசர், காஞ்சிபுரத்தவர் என்னும் செய்திகள் பின்னர் வலுப்பெற்றவை. போதி, தருமம் ஆகியவை பௌத்த உலகம் எங்கும் வழங்கிய சொற்கள் ஆதலின் பெயரிலிருந்து ஊரைப் பெற இயலாது.

தமிழ் எழுத்தில் அயல்வேந்தன் பெயர் வந்ததற்குச் சுவான்சோவில் கிடைத்த 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் சான்றாகும். சம்பந்தப் பெருமாள் என்பவர் செகசைகான் என்னும் மன்னரின் நலத்துக்காகச் சிவபெருமானை எழுந்தருளுவித்ததை அது கூறுகிறது. செகசைகான் என்பது குப்லாய் கானைக் குறிக்கும் எனப் பலரும் கொள்வர்; காலமும் இடமும் அதற்கு இயைகின்றன. எனினும் அதுவும் சீனப் பெயரன்று, மங்கோலியப் பட்டப்பெயர். சிங்வோவின் தனிச்சிறப்பு இதனால் மேலும் விளங்கும்.

8. பெயரும் பட்டும்

காலிக் கல்லின் சீனப் பகுதியில் காணிக்கைகளாகப் பொன் 1000, வெள்ளி 5000 என்னும் அளவுகளை அடுத்து இருவகைப் பட்டுகள் ஐம்பது ஐம்பது சுருளாகக் குறிக்கப்படுகின்றன. ஒன்று அடர்ந்த நெசவுடையது. மற்றொன்று மெல்லிய வெற்றுப்பட்டு. அவற்றையடுத்துப் பொன்னிழை கலந்து நெய்த பட்டுக்கொடிகள் நான்கு இணை வருகின்றன. ‘பொன் நெய்த’ என்பதே அங்குள்ள அடை. ஆரணியில் சரிகை எனப்படுவதும் இதே தொழில்நுட்பத்தின் வேறொரு வடிவமே.

பொருளின் பெயரும் ஆளின் பெயரும் பயணம் செய்யும் முறை வேறுபடுவதை இப்பட்டியல் தெளிவாக்குகிறது. பட்டுக்கு ஒவ்வொரு மொழியும் தன் சொல்லை வைத்திருந்தது. எனவே அது மொழிபெயர்ந்தது. தமிழில் பட்டு என்ற சொல் இருக்க, அதன் பிறப்பிடம் ‘சீன’ என்னும் அடையாக மட்டும் ஒட்டிக்கொண்டது. சௌராட்டிர நெசவாளர்கள் தமிழகத்தில் பட்டுநூல்காரர் எனப்பட்டதும் தொழிற்பொருளின் பெயர் மக்களுக்கு ஆகியதே. ஆளின் பெயருக்கோ மாற்றுச் சொல் இல்லை. அதை ஒலியாகத்தான் கொண்டு வர முடியும். இலக்கணம் இடந்தராத இடத்திலும் எழுத்து இடந்தர வேண்டும். ஆகவேதான் ஙகரத்தின் பின் வகரம் நிற்கிறது.

இலங்கையில் 1411இல் சிறைப்பட்ட ஆட்சியாளர் குடும்பத்தின் அழகக்கோனார் என்னும் பெயர், சீன ஆவணங்களில் ‘யாலியேகுனையர்’ என்பது போன்ற வடிவம் பெற்றது. தமிழ்க் கல்லில் சிங்வோ. சீன ஏட்டில் யாலியேகுனையர். எதிரெதிரே நின்ற இருவரும் ஒருவர் மொழியில் மற்றவர் ஒலிச் சிதைவாகவே எஞ்சியுள்ளனர்.

9. முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பெறப்படும் கருத்துகள் வருமாறு.

செங் ஹே என்னும் பெயரில் குடிப்பெயர் அரசன் அளித்தது; இடுபெயர் குடும்பத்தில் பெற்றதாகக் கொள்ளத்தக்கது. இடுபெயரின் மூலப்பொருள் ஒலிக்கு ஒலி பொருந்துதல் ஆகும். தமிழில் அதற்கு ‘இசைவு’ என்பதே ஏற்ற நிகரன். அமைதி என்னும் பெயர்ப்பு பிற்காலப் பொருளையே காட்டுகிறது. அதனை அவருடைய பயணங்களின் இயல்புக்குச் சான்றாக்குதல் பொருந்தாது.

சிங்வோ என்னும் தமிழ் வடிவம், இன்றைய பொதுச்சீன ஒலிப்பில் மறைந்துவிட்ட வகரச் சாயலைக் காத்து நிற்கிறது. சீன மொழியின் ஒலி வரலாற்றுக்குத் தமிழ்க் கல்வெட்டு தரும் சிறு சான்றாக இதனைக் கொள்ளலாம். இவ்வகையில் சுவான்சோ, காலி கல்வெட்டுகளின் அயற்பெயர்கள் அனைத்தும் தனியே தொகுக்கப்பட்டு ஆராயப்பட வேண்டும்.

பெயர் அடையாளத்திற்கு ஒலி ஒப்புமை தொடக்கமாகலாம், முடிவாகாது. மாற்றுமொழிப் படியோ, காலப் பொருத்தமோ, நாட்டுப்பெயரோ துணை நிற்கும்போதே அடையாளம் உறுதி பெறும். அவை துணை நின்றதால் சிங்வோவும் திருமலைக் கல்லின் இராசேந்திரனும் ஐயமின்றி விளங்குகின்றனர். அவை இல்லாமையால் 1077ஆம் ஆண்டின் மன்னன் யார் என்பது வழக்காகவே நீடிக்கிறது. ஆரணியில் சீன நூலையும் சீனுவையும் வேறுபடுத்தி அறிவதற்கு நாம் கையாளும் அதே எச்சரிக்கையைக் கடல்கடந்த பெயர்களிடத்தும் கையாளுதல் வேண்டும்.